மென்னசைவும் உணர்வும்: சித்த மருத்துவத் தொக்கணமும் இன்றைய நரம்பியலும் (சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

உடலை மெதுவாகவும் குறைந்த விசையுடனும் அசைத்து, அவ்வசைவைக் கவனித்து உணர்வதன் வழியாக மூளையின் செயற்பாட்டையும் உடலின் இயக்கத்தையும் மேம்படுத்த இயலும் என்ற கருத்து இன்று பல பயிற்சிமுறைகளின் அடிப்படையாக உள்ளது. இக்கருத்தை நரம்பியல் ஆய்வுகளின் துணைகொண்டு விளக்குவதும், தமிழ்ச் சித்த மருத்துவம் கூறும் வியானன், தொக்கணம் ஆகியவற்றோடு அதனை ஒப்புநோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள். மென்மை என்பது நோயாளியின்மீது காட்டும் இரக்கம் மட்டுமன்று. வேறுபாட்டை உணர்வதற்கான நிபந்தனையும் ஆகும் என்பது கட்டுரையின் மையக் கருத்து. முன்னோர் இன்றைய நரம்பியலை அறிந்திருந்தனர் என்று நிறுவுவது இதன் நோக்கமன்று.

திறவுச்சொற்கள்: மென்னசைவு, தன்னுடலறிவு, தொக்கணம், வியானன், மூளையின் நெகிழ்திறன், பக்கவாதம், நெசவு.

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளி உடலுழைப்பின் நிலம். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், ராசிபுரம் ஆகிய ஊர்களில் கைத்தறி. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் விசைத்தறி. சேலம் நகரில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் எனக் கையும் காலும் ஓயாது இயங்கும் தொழில்களே இங்குப் பெரும்பாலானோர்க்கு வாழ்வளிக்கின்றன. இத்தகைய நிலத்தில் ஒருவருடைய கை செயலிழப்பது நோய் என்பதோடு நில்லாது, வீட்டின் வருவாய் நிற்பதாகவும் அமைகின்றது.

இக்கட்டுரையாளர் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டி, இவ்வட்டார வழக்கில் அம்மாயி, தறிக்குத் தார் சுற்றித் தருபவராக வாழ்ந்தவர். பக்கவாதத்தால் அவரது வலக்கை செயலிழந்தபோது உறவினரிடையே இருவகை அறிவுரைகள் எழுந்தன. 'கையை நன்றாக இழுத்து இழுத்து விடுங்கள், நரம்பு திறக்கும்' என்பது ஒன்று. 'தொடவே கூடாது, ஓய்வு கொடுங்கள்' என்பது மற்றொன்று. பின்னர் வந்த இயன்முறை மருத்துவர் முதலில் செய்தது இவ்விரண்டும் அன்று. அம்மாயியின் கண்களை மூடச் சொல்லி, அவருடைய பெருவிரலைச் சிறிதளவு மேலும் கீழும் அசைத்து, 'இப்போது எந்தப் பக்கம் அசைக்கிறேன்?' என்று வினவினார். அம்மாயியால் விடை கூற இயலவில்லை. 'இது என்ற கையாட்டமே இல்லீங்க' என்றார்.

அசைக்க இயலாமை ஒருபுறமிருக்க, அசைவதை உணர இயலாமையும் அந்நோயின் பகுதி என்பது அன்று புலனாயிற்று. அசைவுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவு யாது, அவ்வுறவில் மென்மைக்கு என்ன இடம் என்னும் வினாக்கள் அவ்விடத்திலிருந்தே இக்கட்டுரைக்குக் கிடைத்தன. ஒரு குடும்பத்தின் பட்டறிவு சான்றாகாது என்பதால், வினாவுக்கான தோற்றுவாய் என்ற அளவிலேயே அது இங்குச் சுட்டப்படுகிறது.

1. ஐம்புலனுள் அடங்காத ஒரு புலன்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்துகிறது. அவ்வரிசை உற்றறிவில், அதாவது தொடுவுணர்வில் தொடங்கி, நா, மூக்கு, கண், செவி என வளர்ந்து மனத்தில் நிறைவுறுகிறது. தொடுவுணர்வை அடித்தளமாகக் கொண்ட இவ்வைப்புமுறை கருதத்தக்கது. எனினும் புறப்பொருள் நம்மைத் தொடாத நிலையிலும், கண்ணை மூடிய நிலையிலும், நம் கை எங்குள்ளது, முழங்கால் எவ்வளவு மடங்கியுள்ளது என்பதை நாம் அறிகிறோம். இவ்வறிவை வழக்கமான ஐம்புலப் பகுப்பில் எளிதாக அடக்க இயலாது.

இங்கிலாந்து நாட்டு உடலியங்கியலாளர் சார்லஸ் செரிங்டன் 1906இல் இவ்வுணர்வுக்குத் தனிப்பெயர் சூட்டினார். தசைகளுக்குள் அமைந்த நுண்கதிர்கள் தசை நீளும் அளவையும் வேகத்தையும், தசைநாண்களில் உள்ள உறுப்புகள் இழுவிசையையும் இடையறாது மூளைக்குத் தெரிவிக்கின்றன. இவற்றோடு தோலும் மூட்டுகளும் தரும் செய்திகள் இணைந்து உடலைப்பற்றிய உள்ளுணர்வு உருவாகிறது. இதனை இக்கட்டுரை 'தன்னுடலறிவு' என வழங்குகிறது.

இவ்வறிவின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்கும். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் என்பவர் தம் 19ஆம் வயதில் நோயொன்றால் கழுத்துக்குக் கீழ் தொடுவுணர்வையும் தன்னுடலறிவையும் இழந்தார். அவருடைய தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதுபடவில்லை. ஆயினும் அவரால் முதலில் எழுந்து அமரவும் இயலவில்லை. பின்னர் ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்தும் எண்ணித் திட்டமிட்டும் மீண்டும் நடக்கக் கற்றார். அவரைப் பல்லாண்டு ஆராய்ந்த மருத்துவர் ஜொனாதன் கோல் 1991இல் அவ்வரலாற்றை நூலாக வெளியிட்டார். தசையில் வலிமை இருந்தும் உணர்வின்றேல் இயக்கம் குலையும் என்பது இதனால் பெறப்படுகிறது.

நெசவாளர் இவ்வுண்மையைத் தொழிலால் அறிவர். குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் கண்ணுக்குப் புலப்படாத குழிக்குள் மிதிகளை மாற்றி மிதிக்கின்றன. கண் பாவின்மீது இருக்க, கால் தன் இடத்தைத் தானே அறிகிறது. ஊடை இழையை அச்சால் அடிக்கும் விசையில் நேரும் சிறு மாறுபாடும் துணியில் தெரிந்துவிடும். எனவே கைத்தறி நெசவு, தசைவலிமையைக் காட்டிலும் தன்னுடலறிவைச் சார்ந்த தொழில் எனலாம்.

2. மென்மை ஏன் வேண்டும்?

மெல்ல அசைத்தல் வேண்டும் என்பதற்கு வலியைத் தவிர்த்தல் ஒரு காரணம். அதனினும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 1834இல் தொடுவுணர்வு பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். கையால் தூக்கும் எடைகளில் உள்ள வேறுபாட்டை உணர்வதற்கு, அவ்வேறுபாடு மூல எடையின் குறிப்பிட்ட பங்காக இருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அப்பங்கு ஏறத்தாழ நாற்பதில் ஒன்று. 4 கிலோ எடையைத் தூக்கியிருப்பவர் 100 கிராம் கூடியதை உணரக்கூடும். 40 கிலோ மூட்டையைச் சுமப்பவர்க்கோ ஏறத்தாழ 1 கிலோ கூடினாலன்றி வேறுபாடு தெரியாது.

இவ்விதியைத் தம் பயிற்சிமுறைக்கு அடிப்படையாக்கியவர் மோஷே பெல்டன்கிரைஸ் (1904-1984). இயற்பியலும் பொறியியலும் பயின்ற அவர், ஜூடோ கலையிலும் வல்லவர். தம் முழங்கால் காயத்திற்குத் தீர்வு தேடுகையில், தம் அசைவுகளையே நுணுகி ஆராயத் தொடங்கினார். அசைவின் வழி விழிப்புணர்வு பெறுதல் பற்றிய அவரது நூல் 1972இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தசை பெருமுயற்சியில் இறுகியிருக்கும்போது, அதில் நேரும் சிறு மாற்றம் உணர்வுக்கு எட்டாது. முயற்சியைக் குறைத்தால் அதே மாற்றம் புலப்படும். புலப்பட்ட வேறுபாடுகளுள் எளியதை நரம்பு மண்டலம் தெரிந்துகொள்ளும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆகவே இங்கு மென்மை என்பது சோம்பலோ, முயற்சியின்மையோ அன்று. தராசின் முள் சிறு எடைக்கும் அசைய வேண்டுமாயின் தட்டுகளில் பெருஞ்சுமை இருத்தல் கூடாது. 'இழுத்து விடுதல்' என்னும் வழக்கம் பயனற்றுப்போவதற்கான காரணமும் இதுவே. உணர்வு குறைந்த கையை வலிந்து இழுக்கையில் மூளைக்கு எட்டுவது வலியும் அச்சமுமே. விரல் எப்பக்கம் அசைந்தது என்னும் செய்தி அவற்றுள் மூழ்கிவிடுகிறது. மேலும் பக்கவாதத்தில் தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவக்கூடியது. கையைப் பற்றி இழுப்பது அதற்கு நேரடித் தீங்கும் விளைவிக்கும்.

3. கவனம் ஏன் வேண்டும்?

மெல்ல அசைத்தல் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. கிரெக் ரெகன்சோன், மைக்கேல் மெர்செனிச் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆந்தைக் குரங்குகளுக்கு ஒலிகளின் அதிர்வெண் வேறுபாட்டை அறியும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற ஒலிகளுக்கு உரிய மூளைப்பகுதி அக்குரங்குகளில் விரிவடைந்தது. அதே ஒலிகளைக் கேட்டிருந்தும், தொடுவுணர்வுப் பணி ஒன்றில் கவனம் செலுத்திய குரங்கில் அத்தகைய விரிவு நிகழவில்லை. தூண்டல் ஒன்றாயினும், கவனம் சென்ற இடத்திலேயே மூளை மாறிற்று.

மூளை தன் அமைப்பையும் இணைப்புகளையும் பட்டறிவுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இயல்பே நெகிழ்திறன் எனப்படுகிறது. இந்நெகிழ்திறன் நன்மைக்கு மட்டும் உரியதன்று என்பதை நான்சி பில், மெர்செனிச் முதலியோர் 1996இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு காட்டுகிறது. கைப்பிடியொன்றை விரைவாகவும் ஒரே வகையிலும் மீண்டும் மீண்டும் இறுகப் பற்றுமாறு பழக்கப்பட்ட குரங்குகள், நாளடைவில் அச்செயலைச் செய்யும் திறனை இழந்தன. அவற்றின் மூளையில் விரல்களுக்கு உரிய தனித்தனிப் பகுதிகள் எல்லை கலைந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. எழுத்தர்க்கும் இசைக்கருவி வாசிப்போர்க்கும் நேரும் விரல் முறுக்கத்தை விளக்க இம்முடிவு துணைபுரிந்தது.

சமவெளியின் தொழில்களுக்கு இவ்வாய்வு நேரடியான பொருளுடையது. கொலுசுக்குக் கண்ணி இணைப்பவர், விசைத்தறியில் அறுந்த இழைகளை முடிபவர், நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர் ஆகியோர் ஒரே அசைவை நாள்முழுதும் விரைவாகச் செய்கின்றனர். 'நாங்கள் செய்யும் வேலையே உடற்பயிற்சிதானே' என்னும் கூற்று இவர்களிடையே பரவலானது. உழைப்பு தசைக்குப் பயிற்சியாகலாம். வேறுபாடும் கவனமும் அற்ற விரைவான மீள்செயல் நரம்பு மண்டலத்திற்கு மறதியாகவும் முடியக்கூடும். தொழிலில் மிகுதியாக அசையும் உடலுக்கும் மெல்ல அசையும் பயிற்சி தேவைப்படுவது இதனாலேயே.

4. சித்த மரபில் வியானனும் தொக்கணமும்

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் வழி விளக்குகிறது. வளி பத்து வாயுக்களாகப் பகுக்கப்படுகிறது. பிராணன் உயிர்க்கால் எனவும், அபானன் கீழ்நோக்குங்கால் எனவும், வியானன் பரவுகால் எனவும், உதானன் மேல்நோக்குங்கால் எனவும், சமானன் நடுக்கால் எனவும் தமிழில் வழங்கப்படுகின்றன. இவற்றுள் உடலெங்கும் பரவி நிற்பதாகக் கூறப்படும் வியானனுக்கு உரைக்கப்படும் தொழில்கள் நம் ஆய்வுக்கு முதன்மையானவை. உறுப்புகளை நீட்டலும் மடக்கலும் அதன் தொழில். தொட்டால் அறியும் பரிச உணர்வும் அதன் தொழிலே.

அசைவித்தலும் உணர்தலும் ஒரே வாயுவின் தொழில்களாக வைக்கப்பட்டிருப்பது கவனத்திற்குரியது. பக்கவாதத்தை வளிநோய்களுள் ஒன்றாகக் கருதும் சித்த மருத்துவர், செயலிழந்த கையில் இயக்கம், உணர்வு இரண்டையும் ஒருங்கே நோக்க இவ்வகைப்பாடு இடமளிக்கிறது.

சித்த மருத்துவம் கூறும் 32 புறமருந்துகளுள் தொக்கணமும் ஒன்று. இது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். பொதுவழக்கில் தொக்கணம் என்றதும் எண்ணெயிட்டு அழுத்திப் பிடிப்பதே நினைவுக்கு வருகிறது. ஒன்பதனுள் ஒன்றாக அசைத்தல் தனித்து வைக்கப்பட்டிருப்பது குறைவாகவே பேசப்படுகிறது. அழுத்தலும் இறுக்கலும் தசையைக் குறியாகக் கொள்வன. அசைத்தலோ மூட்டையும், மூட்டின் வழி நோயாளியின் உணர்வையும் அடையக்கூடியது. இழுத்தல் ஒன்பதனுள் ஒன்றாயினும், எவர்க்கு எது பொருந்தும் என்பதை அறிந்த மருத்துவரின் கைக்கு உரியது. வீட்டார் செய்யும் இழுப்புக்கு அது சான்றாகாது.

இவ்வொப்பீட்டின் எல்லையையும் வரையறுத்தல் வேண்டும். வியானன் என்பதும் நரம்பு மண்டலம் என்பதும் ஒன்றல்ல. இரண்டும் வெவ்வேறு அறிவுமுறைகளில் தோன்றிய கருத்தாக்கங்கள். வியானனுக்குச் செரிமானச் சாரத்தை உடலெங்கும் நிரவும் தொழிலும் கூறப்படுகிறது. அதற்கு நரம்பியலில் இணை இல்லை. தன்னுடலறிவைத் தொடுவுணர்வினின்று பிரித்துக் காணும் நுட்பம் செரிங்டனுக்குப் பின் வந்தது. 'எல்லாம் அன்றே கூறப்பட்டுவிட்டன' என உரைப்பது மரபையும் விளக்காது, அறிவியலையும் விளக்காது. அசைவையும் உணர்வையும் பிரிக்காது நோக்கிய ஒரு பார்வை தமிழ் மருத்துவச் சொல்லாட்சியில் உள்ளது என்பதே இங்கு நிறுவக்கூடியது. அதுவே ஆய்வுக்குப் போதுமானதும் ஆகும்.

சொல்லாட்சியைப் பொறுத்தவரை 'உணர்தல்' என்னும் வினையும் நோக்கத்தக்கது. அறிதல், புலனால் நுகர்தல் ஆகிய பொருள்களோடு, துயிலெழுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. திருக்குறளின் காமத்துப்பாலில் ஊடல் தணிதலும் உணர்தல் எனப்படுகிறது. அறிதல், விழித்தல், இறுக்கம் தளர்தல் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லே சுட்டுவதால், இப்பயிற்சிகளை விளக்கத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டிய தேவை குறைகிறது.

5. அண்மைக்காலத் தமிழகப் பயிற்சிமுறைகள்

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிக்கிறது. உடலைப் பேணுதல் உயிரைப் பேணுதலே என்னும் கருத்தையும் அது வலியுறுத்துகிறது. அம்மரபின் தொடர்ச்சியாகவும் மாற்றமாகவும் கடந்த நூற்றாண்டில் இரு முறைகள் தமிழகத்தில் வேரூன்றின.

ஒன்று, 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் வழி. அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். மூச்சின் நீளத்தையே அசைவின் அளவாகக் கொள்ளுதலும், ஆசனத்தை ஆளுக்கேற்ப மாற்றுதலும் இவ்வழியின் சிறப்புக் கூறுகள். மூச்சு முடியும்வரை கை உயரும் என்னும்போது, வேகம் தானே குறைகிறது. கவனமும் அசைவோடு பிணைகிறது.

மற்றொன்று, கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சி. கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண்பயிற்சி, உடல் தேய்த்தல், உடல் தளர்த்தல் முதலியன இதில் அடங்கும். மனவளக்கலை மன்றங்கள் வழியே இது தமிழகச் சிற்றூர்கள் வரை பரவியுள்ளது. தறியில் வாழ்ந்த ஒருவர், உழைப்பவர்க்கும் மென்பயிற்சி வேண்டும் எனக் கண்டது இச்சமவெளியினர்க்கு அயலாகத் தோன்றாது.

இம்முறைகள் பக்கவாதத்திற்கென வகுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் மெதுவான அசைவு, குறைந்த விசை, அசைவைத் தொடரும் கவனம் என்னும் மூன்று கூறுகளும் இவற்றுள் பொதுவாக உள்ளன.

6. சான்றுகளின் வலிமையும் வரம்பும்

இனி இம்முறைகளின் பயன் எவ்வளவு நிறுவப்பட்டுள்ளது என்பதை நோக்குவோம். பெல்டன்கிரைஸ் முறையைப்பற்றிச் சூசன் ஹில்லியர், ஆன்டியா வோர்லி ஆகியோர் 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு, குலுக்கல் முறையில் அமைந்த 20 ஆய்வுகளைத் தொகுத்தது. முதியோரின் உடற்சமநிலையில் நன்மை விளைவதற்கான குறிப்புகள் கிடைத்தன. பல ஆய்வுகள் சிறியன, தரத்தில் குறையுடையன என்பதையும் அம்மதிப்பாய்வு எடுத்துரைத்தது. ஆஸ்திரேலிய அரசு 2019இல் போதிய சான்று இல்லை எனக் கருதித் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கிய முறைகளுள் பெல்டன்கிரைஸ் முறையும் யோகமும் இடம்பெற்றன. எனவே 'மூளையைப் புதுப்பிக்கும்' என்னும் விளம்பர மொழிக்கு ஆய்வுலகம் துணைநிற்கவில்லை.

எனினும் அம்முறைகளின் அடிப்படைக் கூறுகளுக்குத் தனித்தனியே வலுவான ஆதரவு உண்டு. ஆஸ்திரேலியாவில் லியன் கேரி முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்தால் உணர்வு குறைந்த 50 பேர் பங்கேற்றனர். வேறுபாடுகளைப் படிப்படியாக நுணுக்கமாக்கி, கவனத்துடன் தொட்டறியச் செய்து, நல்ல கையோடும் கண்ணோடும் ஒப்பிடச் செய்த பயிற்சி, உணர்வை மேம்படுத்தியது. கவனமின்றிப் பொதுவாகத் தொடுவதினும் இது மேம்பட்ட பயன் தந்தது.

அளவு பற்றிய பாடத்தை 2015இல் லான்செட் இதழில் வெளிவந்த அவெர்ட் ஆய்வு தருகிறது. 5 நாடுகளில் 2,104 பேர் இதில் இடம்பெற்றனர். பக்கவாதம் நேர்ந்த 24 மணி நேரத்திற்குள் நோயாளியை மிகுதியாக எழுப்பி நடமாடச் செய்த பிரிவில் 46 விழுக்காட்டினரும், வழக்கமான பராமரிப்புப் பிரிவில் 50 விழுக்காட்டினரும் மூன்று மாதங்களுக்குப்பின் நல்ல நிலையை அடைந்தனர். விரைந்தும் மிகுந்தும் செய்தல் எப்போதும் நன்றன்று என்பது இதனால் தெளிவாகிறது.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. எட்வர்டு டாப் என்பவர் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்னும் கருத்தை முன்வைத்தார். செயலிழந்த கையை ஒதுக்கி நல்ல கையாலேயே வாழப் பழகும்போது, மீளக்கூடிய திறனும் மறைந்துவிடுகிறது என்பது அக்கருத்து. அவர் வகுத்த முறையில் நல்ல கையை உறையிட்டுக் கட்டுப்படுத்தி, நோயுற்ற கையால் நாள்தோறும் பல மணிநேரம் பயிற்சி செய்வர். 222 பேரைக் கொண்டு 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வு இதன் பயனை உறுதிசெய்தது. இம்முறை மென்மையானதன்று, கடுமையானது. ஆனால் இதற்குத் தகுதி பெறுவோர் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் அசைக்க வல்லவராயிருத்தல் வேண்டும்.

இவற்றை இணைத்து நோக்கினால் ஒரு முடிவு புலப்படுகிறது. மென்னசைவு மீட்சியின் முழுவழியன்று; அதன் வாயில். உணர்வு மங்கியிருக்கும் கட்டத்தில் சிறிய, மெதுவான, கவனமுள்ள அசைவு தேவை. உணர்வு திரும்பத் திரும்ப, விசையும் எண்ணிக்கையும் கூடுதல் வேண்டும். 'ஓய்வு கொடுங்கள்' என்பாரும் 'இழுத்து விடுங்கள்' என்பாரும் இவ்வரிசையை மறந்தவர்களே.

7. பயிற்சியின் மொழி

இவ்வறிவு சமவெளியின் வீடுகளுக்குள் செல்வதற்கான வழி ஏற்கெனவே திறந்துள்ளது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிற்கே சென்று அளிக்கும் இயன்முறை மருத்துவமும் அடங்கும். மருத்துவர் வரும் நாள்களுக்கு இடைப்பட்ட நாள்களில் நோயாளியுடன் இருப்போர் வீட்டாரே. அவர்களிடம் எச்சொற்களால் பேசுவது என்பது மருத்துவ வினா மட்டுமன்று. மொழி சார்ந்த வினாவும் ஆகும்.

'கையை நன்றாகத் தூக்குங்கள்' என்னும் ஏவல் விளைவைக் கேட்கிறது. விளைவு தோன்றாதபோது நோயாளி தளர்கிறார். 'கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விரலை மெல்ல அசைக்கிறேன். மேலா, கீழா?' என்னும் வினா உணர்வைக் கேட்கிறது. விடை தவறினால் கண்ணைத் திறந்து பார்த்து, மீண்டும் மூடி உணரச் செய்யலாம். நல்ல கையில் அதே அசைவைச் செய்து ஒப்பிடச் செய்யலாம். 'எவ்வளவு தூரம்' என்பதை விடுத்து 'எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை' என வினவுதல் பயன் தரும். வலி தோன்றும் எல்லைக்கு முன்பே நிறுத்துதல், தோளைத் தாங்கிப் பிடித்தல், சோர்வு தோன்றினால் விடுதல் ஆகியன இன்றியமையாதவை. எவ்வசைவு, எத்தனை முறை என்பதை இயன்முறை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், அந்நேரத்தில் செய்ய வேண்டியது அசைத்தலோ எண்ணெயிடுதலோ அன்று. 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு விரைதலே. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணிநேரத்திற்குள் அளிக்கப்படவேண்டியது. இங்குக் கூறிய அனைத்தும் அந்நெருக்கடி கடந்தபின் தொடங்குவன.

முடிவுரை

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் சித்தர் கோயில் உள்ளது. முதுமையுற்ற ஒருவர் அம்மலையின் மூலிகையால் இளமை பெற்றார் என்பது தலமரபு. நோயுற்றோரை அங்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஒரே நாளில் உடல் மீளவேண்டும் என்னும் ஏக்கம் அக்கதையில் உறைந்துள்ளது, அது இயல்பானதே. நரம்பு மண்டலம் காட்டும் வழியோ மெதுவானது.

இக்கட்டுரையின் வழிப் பெறப்பட்டவை மூன்று. முதலாவது, இயக்கம் உணர்வைச் சார்ந்தது. தசையை மட்டும் பேணுதல் போதாது. இரண்டாவது, குறைந்த விசையில் வேறுபாடு புலப்படுகிறது. கவனம் சென்ற இடத்தில் மூளை மாறுகிறது. மூன்றாவது, சித்த மருத்துவத்தின் வியானன் கோட்பாடும் தொக்கணத்தின் அசைத்தலும் இக்கருத்தைத் தமிழர்க்கு விளக்கத் தக்க சொற்களைத் தருகின்றன. அச்சொற்கள் ஆய்வுக்கு வாயில்களேயன்றிச் சான்றுகள் ஆகா. தொக்கணத்தின் ஒன்பது வகைகளுள் அசைத்தலைத் தனியே எடுத்து, உணர்வு மீட்சியில் அதன் பங்கை முறையாக ஆராய்தல் தமிழகச் சித்த மருத்துவ நிறுவனங்களும் இயன்முறை மருத்துவத் துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அசைவை ஏவும் சொற்களையும் உணர்வை வினவும் சொற்களையும் வட்டார வழக்கிலிருந்து தொகுத்துத் தருதல் தமிழாய்வாளரின் பங்காகலாம்.

அம்மாயி மீண்டும் தார் சுற்றவில்லை. சில மாதங்களில், கண்ணை மூடிய நிலையில், பெருவிரல் மேலே செல்கிறதா கீழே செல்கிறதா எனப் பெரும்பாலும் சரியாகக் கூறினார். பின்னர் தேநீர்க் குவளையை வலக்கையால் பற்றினார். அப்பயிற்சியால் மட்டுமே அது நிகழ்ந்தது எனக் கூற இயலாது. ஆனால் அது தம் கை என்பதில் அவர்க்கு ஐயமிருக்கவில்லை.